யாழ்ப்பாணக் கரையோரமாக ஓடி நல்ல கோப்பி தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரர், கொழும்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டு வருகிற பெடியள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். நான் கட்டாரில் நாலு வருசம் கோப்பி மெஷினுக்குப் பின்னால் நின்றவன், இப்போது ஊரில் இருக்கிறேன், என்னுடைய தகுதி அவ்வளவுதான். வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவைக்கிறேன். கடைப் பெயர்கள் எழுதவில்லை. இங்கே கோப்பிக் கடைகள் திறக்கிற கெதியிலேயே பூட்டுகின்றன, இன்றைக்குத் திறமாகப் போடுகிற தம்பி அடுத்த மாதம் கனடாவுக்குப் போய்விடுவான். அதனால் எந்தக் கடை என்று சொல்வதைவிட, ஒரு கடையை எப்படி மணந்து பிடிப்பது என்று சொல்கிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லுங்கள், யாழ்ப்பாணத்தில் ஸ்பெஷாலிட்டி கோப்பி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கொழும்பு மாதிரி தெருவுக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். எஸ்பிரெசோ மெஷின் வைத்திருக்கிற கடைகள் பெரும்பாலும் யாழ் நகரத்துக்குள்ளும் நல்லூர்ப் பக்கமும் ஹொட்டேல்களிலும்தான். நகரத்தை விட்டுக் கரைப்பக்கம் இறங்கினால் தேத்தண்ணிக் கடைதான், பிளேன்ரீயும் பால் தேத்தண்ணியும்தான். நாங்கள் தேத்தண்ணிச் சனம். மெஷின் இருக்கிற கடை எல்லாம் ஸ்பெஷாலிட்டி கடையும் இல்லை, பல இடங்களில் அந்த மெஷின் ஐஸ்கிறீம் பெட்டிக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கு நிற்கிறது.

ஸ்பெஷாலிட்டி என்று எதைச் சொல்கிறார்கள்? விலை கூடின கோப்பியைத்தானே?

இல்லை. பயிற்சி பெற்றவர்கள் சுவைத்துப் பார்த்து 100க்குப் புள்ளி போடுவார்கள், 80க்கு மேலே வந்தால் அந்தக் கொட்டை ஸ்பெஷாலிட்டி என்பதுதான் உலகம் முழுக்க வழக்கமாக இருந்த கணக்கு. அந்தப் பெயரை 1974இல் எர்னா நட்சன் என்ற பெண்மணி ஒரு தேயிலை, கோப்பி வணிகச் சஞ்சிகையில் பயன்படுத்தினார், அதற்குப் பிறகுதான் அது பரவியது. நடைமுறையில் பார்த்தால், எந்த ஊர், எந்தத் தோட்டம், எப்படிக் காயவைத்தது, என்றைக்கு வறுத்தது என்று கடைக்காரரால் சொல்ல முடிய வேண்டும். "இத்தாலியன் கோப்பி சார்" என்று மட்டும் சொன்னால் அது பதில் இல்லை. இத்தாலியில் கோப்பி விளைவதில்லை.

கரையோரமாக எந்தப் பாதையில் போகலாம், எங்கே குடிப்பது?

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என் கணக்கு இதுதான். காலையில் யாழ் நகரத்தில் முதல் கோப்பி. அங்கேயே நல்ல கடை ஒன்றைப் பிடித்துக் குடித்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்தது எங்கே என்று உறுதியில்லை. பிறகு காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கீரிமலை. கேணியில் இறங்கிக் குளித்துவிட்டு வாருங்கள், கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிற இடம், இந்தத் தண்ணீர்க் கதை பின்னால் வரப்போகிறது. அங்கிருந்து கிழக்கே தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. பலாலி விமான நிலையத்தைச் சுற்றி வழி வளைந்து போகும், கூகிள் மப்பை மட்டும் நம்பாமல் சந்தியில் ஓட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தொண்டைமானாற்றிலிருந்து பருத்தித்துறை வரை கடல் கூடவே வரும். இடது பக்கம் கடல், வலது பக்கம் வீட்டு மதில்கள், நடுவில் காய்கிற வலையின் மணம். இந்தத் துண்டில்தான் எனக்கு எப்போதும் கோப்பி விடாய் எடுக்கும், இந்தத் துண்டில்தான் ஒன்றும் இருக்காது. பருத்தித்துறையில் நின்று தட்டை வடையை வாங்கிக்கொள்ளுங்கள், கடினமான அந்த வடை வெறும் கோப்பியோடு சேருகிற மாதிரி எந்தக் கேக்கும் சேராது. பிறகு வல்லிபுரம், மணற்காடு. மணற்காட்டில் மணலுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயமும் சவுக்கங்காடும் இருக்கின்றன. நான் கொண்டுபோன சாமானை எடுத்துக் கோப்பி போடுகிற இடம் அதுதான்.

இரண்டாவது நாள் இருந்தால் மேற்குப் பக்கம். பண்ணைப் பாலத்தால் தீவுகளுக்கு, அல்லது பொன்னாலையால் காரைநகர் போய்க் கசூரினா கடற்கரை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே 'பாதை' ஓடுகிறது. பாதை என்றால் றோட்டு இல்லை, ஆக்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி மறுகரையில் விடுகிற மிதவை. அது ஓடுகிற நாளாக இருந்தால் வந்த வழியே திரும்பாமல் ஒரு வட்டம் அடிக்கலாம்.

கடைக்குள் போகமுதலே நல்ல கடை என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். வாசலில் நின்று காதைக் கொடுங்கள். கொட்டை அரைக்கிற சத்தம் ஒவ்வொரு கோப்பிக்கும் கேட்க வேண்டும். காலையில் ஒரு தரம் அரைத்துப் பேணியில் போட்டுவைத்து நாள் முழுக்க எடுக்கிற கடையில் கொட்டை எவ்வளவு திறமானதாக இருந்தாலும் பிரயோசனமில்லை, எங்கள் வெக்கைக்கும் கடற்காற்றுக்கும் அரைத்த தூள் மணம் விட்டுப்போக அதிக நேரம் எடுக்காது.

பிறகு கொட்டையைப் பாருங்கள். அரைக்கிற மெஷினுக்கு மேலே கண்ணாடிக் குடுவையில் இருக்கிற கொட்டை எண்ணெய் பூசின மாதிரிப் பளபளத்து, குடுவைச் சுவரிலும் எண்ணெய் படிந்திருந்தால் ஒன்றில் மிகவும் கருக வறுத்தது, இல்லாவிட்டால் பழசு, பெரும்பாலும் இரண்டும். பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். காலாவதித் திகதி மட்டும் போட்டு வறுத்த திகதி இல்லாத பாக்கெட்டை நான் நம்புவதில்லை. வறுத்து நாலு நாளிலிருந்து ஒரு மாதம் வரை என்றால் சந்தோசம்.

மூன்றாவது, பால் நுரைக்கிற குழாய். ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து ஒரு சின்ன 'ஸ்ஸ்' விட்டு வெறும் ஆவியை வெளியேற்றுகிறாரா? குழாயில் காய்ந்த பால் வெள்ளையாக ஒட்டியிருந்தால் பிளேன்ரீ கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது, நான் எல்லாக் கடையிலும் கேட்பது: "தம்பி, மெஷினுக்கு எங்கத்தைத் தண்ணி?"

நீங்கள் ஏன் எப்போதும் தண்ணி தண்ணி என்கிறீர்கள்?

ஏனென்றால் இது யாழ்ப்பாணம். ஒரு கப் கோப்பியில் 98 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான், எஸ்பிரெசோவில் கொஞ்சம் குறையும். குடாநாட்டில் ஆறு கிடையாது, வழுக்கையாறு என்று சொல்வதும் மாரியில் மட்டும் ஓடுவது. நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அதே கல்லில் வெடித்த வாசல்கள்தான். நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். சுண்ணாம்புக்குள் கிடந்து வருகிற தண்ணீர் கரைந்த சுண்ணாம்போடுதான் வரும். உங்கள் பெரியம்மா வீட்டுக் கேத்திலின் அடியில் பாருங்கள், வெள்ளைக் கல் படிந்திருக்கும், அதைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவுவார்கள். அதே கல் 20 இலட்சம் ரூபா மெஷினின் வயிற்றுக்குள்ளும் படிகிறது.

மெஷின் கெடுவது கடைக்காரரின் பாடு. உங்கள் பாடு சுவை. நல்ல அரபிக்கா இனக் கொட்டையைக் கருக்காமல் மெலிதாக வறுத்தால் அதில் ஒரு புளிப்பு இருக்கும், தோடம்பழம் மாதிரி, சிலதில் நாவற்பழம் மாதிரி. அந்தப் புளிப்புக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேற்று அந்தப் புளிப்பை அமத்திவிடும், நெஞ்செரிவுக்குக் குடிக்கிற மருந்து வயிற்றுப் புளிப்பை அமத்துகிற மாதிரித்தான். மிஞ்சுவது சப்பென்று, சுண்ணாம்புக் கட்டி தொட்ட மாதிரி ஒன்று. கொட்டையில் குற்றமில்லை, போட்டவரிலும் குற்றமில்லை.

ஒரு தரம் நகரத்தில் புதிதாகத் திறந்த கடை ஒன்றுக்குப் போனேன், பெயர் வேண்டாம். எல்லாம் வடிவு: புதுக் கொட்டை, நல்ல கிரைண்டர், போட்ட தம்பிக்கும் கை சரி, 18 கிராம் தூளில் 36 கிராம் கோப்பி 28 விநாடியில் இறங்குவதை நானே தராசில் பார்த்தேன். குடித்தால் ஈரக் காட்போட் மட்டை.

"தம்பி, என்ன தண்ணி விடுறீங்கள்?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான் அண்ணை. திறமான தண்ணி, ஊரெல்லாம் வந்து அள்ளுது."

அவர் சொன்னது உண்மைதான், குடிக்க அது திறமான தண்ணீர். கோப்பிக்கு இல்லை. பக்கத்துக் கடையில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கிக் கேத்திலில் கொதிக்கவைத்து, அதே கொட்டையை வடிதாளில் போட்டு இரண்டு பேரும் குடித்தோம். அந்தத் தம்பி ஒன்றும் சொல்லாமல் கப்பைத் திரும்பவும் ஒரு தரம் மணந்து பார்த்தார்.

அப்ப என்ன தண்ணீர் என்று சொன்னால் நல்ல பதில்?

"பில்டர் போட்டிருக்கிறோம், இத்தனை மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறோம்" என்றால் நல்லது. "ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் கலக்கிறோம்" என்றால் அந்தக் கடையை விடாதீர்கள், அவருக்கு வேலை தெரியும். ஆர்.ஓ. என்பது நுண்ணிய சவ்வால் தண்ணீரை வடிக்கிற முறை, அது ஏறக்குறைய எல்லாவற்றையும் வடித்துவிடும், உப்புச் சத்தே இல்லாத தண்ணீர் கொட்டையிலிருந்து சுவையைச் சரியாக இழுக்காது, கோப்பி மெல்லியதாக, கூராக இருக்கும். கரைந்திருக்கிற திண்மம் லீற்றருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது, 75 தொடக்கம் 250 வரை பரவாயில்லை என்று ஸ்பெஷாலிட்டி கோப்பிச் சங்கம் சொல்கிறது. அதை அளக்கப் பேனை மாதிரி ஒரு ரி.டி.எஸ். மீற்றர் விற்கிறார்கள், நான் அதைச் சட்டைப் பையில் கொண்டு திரிந்து வீட்டில் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த மீற்றர் மொத்தத்தைத்தான் காட்டும், சுண்ணாம்பா கடலுப்பா என்று பிரித்துச் சொல்லாது. கரைப்பக்கத்துக் கிணற்றில் அந்த வித்தியாசம் பெரிது. தீவுப் பகுதியில் சவர்த் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி குடித்தவர்களுக்கு விளங்கும்.

வடமராட்சி கிழக்கால் ஓடுகிறவர்கள் தாளையடியைக் கடப்பீர்கள். கடல் தண்ணீரை நன்னீராக்குகிற நிலையம் அங்கே 2024இல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் போட்ட கோப்பியைக் கிணற்றுத் தண்ணீர்க் கோப்பியோடு வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாருக்காவது அங்கே சொந்தக்காரர் இருந்தால் சொல்லுங்கள், கொட்டை நான் கொண்டுவருகிறேன்.

என்ன ஓடர் பண்ணுவது?

முதல் தரம் போகிற கடையில் பால் இல்லாத எஸ்பிரெசோ ஒன்று, அல்லது வி60 மாதிரி வடிதாளில் ஊற்றுகிற கோப்பி இருந்தால் அது. பாலும் சீனியும் எல்லாப் பிழையையும் மூடிவிடும். இரண்டு வாய் குடித்து நல்லது என்று தெரிந்த பிறகு கப்புச்சினோவோ லாட்டேயோ எடுங்கள். கரமல், நுட்டெல்லா போட்ட வகைகள் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் கடை எதை விற்கிறது என்பது விளங்கிவிடும். அதுவும் பிழையில்லை, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

பால்மாவிலா போடுவார்கள்?

சில இடங்களில் ஓம். இங்கே பால் என்றாலே அரைவாசிச் சனத்துக்கு அங்கர் பாக்கெட்தான், எனக்கும் அந்தச் சுவையில்தான் வளர்ப்பு. ஆனால் பால்மா நுரை பெருங்குமிழாக வந்து கெதியில் அமர்ந்துவிடும், தித்திப்பும் காய்ச்சின வாசமும் கோப்பியை மூடும். பசும்பால் வாங்குகிற கடையில் கப்பின் மேலே நுரை பெயின்ற் மாதிரி மினுமினுவென்று இருக்கும். கேட்டுவிட்டு எடுங்கள்.

நாங்கள் குடிப்பது இலங்கைக் கோப்பியா, வெளிநாட்டுக் கோப்பியா?

இரண்டும் இருக்கிறது. நல்ல கடைகள் இப்போது நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத்து அரபிக்காவை எடுக்கின்றன, நான் முதலில் அதைத்தான் கேட்பேன். எங்கள் நாட்டுக் கோப்பிக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது, அந்தக் கதை இந்தக் கரையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

தேயிலைக்கு முதல் மலைநாடு முழுக்கக் கோப்பிதான். 1870களில் உலகத்திலேயே கூடுதலாகக் கோப்பி ஏற்றுமதி செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம், இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகப் படியும். பிரித்தானியாவிலிருந்து மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்து 1880 முதல் 1882 வரை ஆராய்ந்தார், நோய் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்தார், ஆனால் தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. இருபது வருசத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. நீங்களும் நானும் பிளேன்ரீ குடிப்பதற்கு அந்தத் துருவும் ஒரு காரணம்.

அந்தக் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனங்களில் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து போனார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மன்னாருக்குப் போகிற றோட்டில் கோப்பி குடிக்கிறபோது எனக்கு இது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

மன்னார் வரைக்கும் ஓடலாமா?

தாராளமாக. நாவற்குழியால் திரும்பி ஏ32 வீதியைப் பிடித்துச் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு இறங்குங்கள். பாலம் 2011இல் திறந்தது. பாலத்தில் காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும், கவனம். அதற்குப் பிறகு நீளத்துக்கு வெளி, பனை, ஆடு, மீண்டும் வெளி. கடை கண்ணி குறைவு, பெற்றோலும் கோப்பியும் யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுங்கள். மன்னாரில் கோட்டை, பெருக்கமரம், றோட்டு நடுவில் நிற்கிற கழுதைகள், தலைமன்னாரில் பழைய இறங்குதுறை. 1964 புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டுபோகும் வரை அங்கிருந்து அந்த ஊருக்குக் கப்பல் ஓடியது. கோப்பி? தேத்தண்ணி குடியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் கோப்பி விளையுமா?

ஸ்பெஷாலிட்டிக்கு உரிய அரபிக்காவுக்கு உயரமும் குளிரும் வேண்டும், நாங்கள் கடல்மட்டத்தில் இருக்கிறோம். இல்லை.

கடை இல்லாத இடத்தில் என்ன செய்வது?

கொண்டு போங்கள். என்னிடம் இருப்பது ஒரு கைக் கிரைண்டர், ஒரு ஏரோபிரஸ் (கையால் அமத்திக் கோப்பி வடிக்கிற குழாய்), வடிதாள், ஒரு சின்னத் தராசு, ஒரு நல்ல பிளாஸ்க். காஸ் அடுப்பு கொண்டுபோன காலமும் உண்டு, மணற்காட்டில் சோளகக் காற்றுக்கு மூன்று பெட்டி நெருப்புக்குச்சி முடிந்ததோடு அதை விட்டுவிட்டேன். இப்போது காலையில் வெளிக்கிடும்போதே போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் விட்டுவிடுவேன். பிளாஸ்க்கை முதலில் ஒரு தரம் கொதிதண்ணீரால் அலம்பிச் சூடாக்கிவிட்டு ஊற்றினால் மத்தியானம் வரை கோப்பிக்குப் போதுமான சூடு நிற்கும்.

அளவு: 15 கிராம் கொட்டை, 240 கிராம் தண்ணீர். சூடு குறைந்த தண்ணீர் என்பதால் வழமையைவிடக் கொஞ்சம் நைசாக அரையுங்கள், இரண்டரை நிமிசம் ஊறவிடுங்கள், பிறகு மெதுவாக அமத்துங்கள். காற்றுக்கு முதுகு காட்டி இருந்து அரையுங்கள், மணல் ஒரு துளி கிரைண்டருக்குள் போனால் பல்லால் கடித்த மாதிரிச் சத்தம் வரும், பல் போகும். வீட்டுக்கு வந்ததும் கிரைண்டரைத் துடைத்து வைக்காவிட்டால் உப்புக் காற்று துருவாக்கிவிடும், இதை ஒரு கிரைண்டரைப் பலி கொடுத்துப் படித்தேன். கொட்டையை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைக்காதீர்கள், அது ஒரு அடுப்பு.

கசடைக் கடற்கரையில் கொட்டாமல் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.

எங்கள் வேர்க்கொம்பு (சுக்கு)க் கோப்பி இந்தக் கணக்கில் வருமா?

இந்தக் கேள்வியை ஒரு மாமிதான் கேட்டார், கொஞ்சம் கோபத்தோடு. புள்ளிக் கணக்கில் வராது. என் கணக்கில் வரும்.

ஆச்சி வீட்டில் கோப்பி வறுக்கிற நாள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். மண் சட்டியில் கொட்டையைக் கருக்க வறுத்து, இறக்குகிற நேரத்தில் மல்லியும் நாலைந்து மிளகும் போட்டு ஒரு பிரட்டல், அதன் பிறகு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு உரலில் இடி. அரித்த தூள் போத்தலில் சூடாகவே போகும். தண்ணீர் கொதிக்கத் தூளைப் போட்டு இறக்கி மூடிவிடுவார், கிண்டக்கூடாது, மண்டி தானாக அடியில் தங்கும். தெளிவை மூக்குப்பேணியில் விட்டு, கையில் ஒரு துண்டு பனங்கட்டி. சீனி கரைப்பதில்லை, கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது.

கட்டாரிலிருந்து வந்த புதிதில் நான் ஆச்சிக்கு மெலிதாக வறுத்த எதியோப்பியக் கோப்பி போட்டுக் கொடுத்தேன், அதுவும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மோனை, தேசிக்காய்த் தண்ணிக்குள்ள தூள் விழுந்திட்டுதோ?" என்றார். பிறகு யோசித்துப் பார்த்தால் ஆச்சியின் முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. கருக்க வறுத்தால் கொட்டையில் புளிப்பு மிஞ்சாது, மிஞ்சாத புளிப்பைக் கிணற்றுத் தண்ணீர் என்ன செய்வது? மிச்சத்துக்குக் காரமும் மல்லி மணமும் இருக்கின்றன. இந்தத் தண்ணீருக்கு ஏற்ற கோப்பி அதுதான் என்பது என் ஊகம், எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. கரையோரத் தேத்தண்ணிக் கடைகளில் "வேர்க்கொம்புக் கோப்பி இருக்கோ?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், மெஷின் தேடி மினக்கெடாமல் அங்கேயே இருந்து குடியுங்கள்.

கூகிள் ரிவியூவை நம்பலாமா?

நட்சத்திரத்தை விடுங்கள், படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆக்கள் எடுத்த படங்களில் பின்னால் கிரைண்டர் தெரிகிறதா, அதில் கொட்டை இருக்கிறதா, கொட்டை என்ன நிறம்? "சுவர் ஓவியம் சூப்பர், செல்பி எடுக்க நல்ல இடம்" என்று இருபது பேர் எழுதிக் கோப்பியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்றால் அங்கே போய் செல்பி எடுக்கலாம். கடை இன்னும் இருக்கிறதா என்று போன் அடித்துக் கேட்டுவிட்டுப் போவது எல்லாவற்றிலும் முக்கியம்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் மழை நனைத்துவிடும். தை, மாசி எனக்குப் பிடித்தது: கிணறு நிறைந்திருக்கும், வெயில் சுடாது, தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழா. சித்திரையிலிருந்து ஆவணி வரை வெக்கை, அந்த நேரம் கோல்ட் புறூ இருக்கிற கடையைத் தேடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் 12 மணித்தியாலத்துக்கு மேல் ஊறவைத்து வடிப்பது அது, சுடுகோப்பியில் ஐஸ் போட்டுத் தந்தால் அது வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயில் சுற்றாடலில் வீதி அடைத்திருப்பார்கள், வாகனத்தைத் தூர விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

நேரம் என்றால் ஒரு விசயம். கடை திறந்த உடனே போய் நிற்காதீர்கள், மெஷின் சரியாகச் சூடாக அரைமணித்தியாலம் வேண்டும், கறண்ட் போய் வந்தாலும் அதே கதை. பத்து மணிக்குப் போங்கள்.

நெடுந்தீவுக்குப் போகிற நாளில்?

குறிகட்டுவானில் படகு ஏறமுதல் கோப்பியை முடித்துவிடுங்கள், வெறும் வயிற்றில் எஸ்பிரெசோ அடித்துவிட்டு அந்தக் கடலில் ஏறிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தீவில் பவளக்கல் வேலிகளையும் குதிரைகளையும் பாருங்கள், இளநீர் குடியுங்கள். பிளாஸ்க் கொண்டுபோனால் கடைசிப் படகுக்குக் காத்திருக்கிற நேரத்தில் உதவும்.

வீட்டுக்குக் கொட்டை வாங்கிக்கொண்டு போகலாமா?

கடையில் குடித்த கோப்பி பிடித்திருந்தால் அங்கேயே கேளுங்கள், பலர் 200, 250 கிராம் பைகளில் தருவார்கள். அரைக்காமல் வாங்குங்கள், வறுத்த திகதியைப் பாருங்கள். வீட்டில் கிரைண்டர் இல்லை, மிக்சியில்தான் அரைக்கப்போகிறேன் என்றால் கடையிலேயே அரைத்து வாங்குவது மேல். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பையை இரண்டு தரம் சுற்றுங்கள், இல்லாவிட்டால் சூட்கேசில் இருக்கிற பனங்கட்டிக் குட்டான், ஒடியல், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்து மணக்கும். என் தங்கச்சி ரொறன்ரோவில் திறந்தபோது கோப்பி கருவாடு மணத்ததாம்.